ஆக்டேவியா வி.ஆர்.எஸ். 230: லட்சம் கி.மீ. தாண்டிய வண்டியும் அந்த வாட்டர் பம்ப்பும்

நண்பர் ஒருவர் கேட்டார்: 2017 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா வி.ஆர்.எஸ். 230, 1,10,000 கி.மீ. ஓடியது, இரண்டாவது ஓனர், வாங்கலாமா? 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் டார்க் (திருப்பு விசை), ஆறு கியர் டி.எஸ்.ஜி. (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) என்பதெல்லாம் அவருக்கே மனப்பாடம். அதனால் நேராக வாட்டர் பம்ப்புக்கு வருகிறேன். இந்த வண்டியின் மேல் எனக்குள்ள கோபம் முழுவதும் அந்த ஒரு பாகத்தின் மேல்தான்.

இந்த வண்டியில் இருக்கும் இ.ஏ.888 மூன்றாம் தலைமுறை இன்ஜினில் வாட்டர் பம்ப்பும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் ஒன்றாகச் சேர்ந்த பிளாஸ்டிக் கூடாக வருகின்றன. ஒவ்வொரு நாளும் கொதித்து ஆறி, கொதித்து ஆறி அந்தப் பிளாஸ்டிக் மெல்ல நெளிகிறது. சேரும் இடத்தில் சீல் பிடிப்பை விடுகிறது. உலகம் முழுக்க இந்த இன்ஜின் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த குறை இது. மோசமான விஷயம் என்னவென்றால், ஆரம்பத்தில் தரையில் ஒரு சொட்டுகூட விழாது. கசிகிற கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) இன்ஜின் சூட்டிலேயே காய்ந்துவிடும். "ஒழுகலே இல்லை சார்" என்று விற்பவர் மனதாரச் சொல்லலாம். அவருக்கே தெரியாமல் இருக்கும்.

பார்க்கும் முறை இதுதான். வண்டியைக் காலையில், இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது பாருங்கள். நீங்கள் போவதற்குள் ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தால் அன்று திரும்பி வந்துவிடுங்கள். பானெட்டைத் திறந்து, பேட்டரி இருக்கும் பக்கமாக, இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடிக்குக் கீழே டார்ச் அடியுங்கள். கியர்பாக்ஸின் மேல்பகுதியில் உப்புப் பூத்தது போல இளஞ்சிவப்புப் படிவு தெரிந்தால் பம்ப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த இடம் மட்டும் பளபளவென்று கழுவப்பட்டிருந்தால் அதுவும் நல்ல அறிகுறி இல்லை. பிறகு கூலன்ட் டப்பா. அளவு இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும், நிறம் இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ இருக்க வேண்டும். பழுப்பாகக் கலங்கியிருந்தால் யாரோ பச்சை கூலன்ட்டைக் கலந்திருக்கிறார்கள். நிறம் வெளிறியிருந்தால் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். அதாவது கசிவு தெரிந்தே ஓடியிருக்கிறது.

"பம்ப் மாற்றியாச்சு" என்ற வார்த்தையை நம்ப வேண்டாம், பில்லைக் கேளுங்கள். சீலை மட்டும் மாற்றியதையும் அப்படித்தான் சொல்வார்கள். பம்ப், தெர்மோஸ்டாட் சேர்ந்த முழு யூனிட்டும், அதை ஓட்டும் சின்னப் பல் பெல்ட்டும் பில்லில் இருக்க வேண்டும். இன்ஜின் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டிலிருந்து ஓடும் அந்த பெல்ட்டின் புல்லி போல்ட் இடமறை, அதாவது மற்ற போல்ட்டுகளுக்கு எதிர்ப்பக்கமாகத் திருக வேண்டும். தெரியாத கை வழக்கம்போல் திருகினால் உடைத்துவிடும். பம்ப் போல்ட்டுகளுக்கு 9 நியூட்டன் மீட்டர்தான் கணக்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் தொடவே கூடாது. கொஞ்சம் அதிகமாக இறுக்கினாலும் புதுக் கூடு நெளிந்து, அது முதல் நாளே பழைய கூடாகிவிடும். கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கலந்து, வேக்குவம் போட்டு நிரப்ப வேண்டும். சும்மா ஊற்றினால் உள்ளே காற்று தங்கி சூடு ஏறும்.

சரி, கோபத்தை ஒதுக்கிவைத்து இன்ஜினுக்கு நியாயம் சொல்ல வேண்டும். டைமிங் செயின் டென்ஷனர், எண்ணெய் குடிப்பது என்று ஸ்கோடாவின் லாரா, பழைய சூப்பர்ப் ஓனர்கள் சொல்லும் கதைகள் முந்தைய தலைமுறை இன்ஜினுடையவை. அவற்றை இதன் தலையில் கட்டக்கூடாது. ஆனாலும் இரண்டு சோதனைகள் அவசியம். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது செயின் பக்கம் கரகரப்பு வருகிறதா என்று காதைக் கொடுங்கள். பிறகு ஐட்லிங்கில் எண்ணெய் மூடியைத் திறந்து பாருங்கள். மூடி லேசாக இழுபட்டால் பரவாயில்லை. எடுக்கவே முடியாத அளவுக்கு உறிஞ்சினாலோ விசில் சத்தம் கேட்டாலோ பி.சி.வி. (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் வால்வு) டயஃப்ராம் கிழிந்திருக்கிறது. அதைக் கவனிக்காமல் ஓட்டினால் அடுத்து பின்பக்க மெயின் சீல் போகும். அதற்கு கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். எண்ணெய் வி.டபிள்யூ. 502.00 தரத்தில் 5டபிள்யூ-40, சுமார் 5.7 லிட்டர். கம்பெனி 15,000 கி.மீ. என்கிறது. டர்போ வண்டிக்கு, அதுவும் நம் வெயிலில், 8,000 தாண்ட விடாதீர்கள்.

இப்போது சந்தோஷமான விஷயம். டி.எஸ்.ஜி. என்றாலே பயப்படுகிறவர்கள் அதிகம். அந்தப் பயம் 1.8 ஆக்டேவியாவில் வந்த ஏழு கியர் டிரை கிளட்ச் பெட்டியால் வந்தது. இதில் இருப்பது டி.க்யூ.250, எண்ணெயில் மூழ்கிய கிளட்ச். லட்சம் கி.மீ. தாண்டியும் கோவை அவினாசி ரோட்டு நெரிசலில் உதறல் இல்லாமல் நகரும். ஆனால் ஒரே நிபந்தனை: 60,000 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும். கீழே 14 மி.மீ. ஆலன் போல்ட்டைக் கழற்றியதும் கொஞ்சம்தான் வரும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாயை 8 மி.மீ. ஆலனால் எடுத்தால்தான் மீதி இறங்கும். மொத்தம் ஐந்தரை லிட்டர் அளவு. அந்தக் குழாயைத் திரும்ப மாட்டி, கீழிருந்து நிரப்பி, எண்ணெய் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும்போது இன்ஜின் ஓடிக்கொண்டே அளவு பார்க்க வேண்டும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். 1,10,000 ஓடிய வண்டிக்கு இது ஒருமுறைகூடச் செய்யவில்லை என்றால் விலையைப் பேசாமலே கிளம்பலாம்.

ஸ்கேனர் இன்னொன்றுக்கும் வேண்டும். பழைய கோளாறுக் குறியீடுகளோடு அது வந்த கிலோமீட்டரும் பதிவாகியிருக்கும். மீட்டர் 1,10,000 காட்டும்போது ஒரு குறியீடு 1,46,000இல் வந்ததாக இருந்தால் கதை முடிந்தது. ஸ்டேஜ் 1 ட்யூன் (சக்தியைக் கூட்டும் சாஃப்ட்வேர்) போட்டு, விற்பதற்கு முன் கம்பெனி நிலைக்கே மாற்றியிருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். ட்யூனில் டார்க் 400ஐத் தாண்டும். இந்த கியர்பாக்ஸ் 350க்குக் கணக்கிட்டது.

சஸ்பென்ஷன் பற்றி நீட்டத் தேவையில்லை. லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுன்ட், லிங்க் ராட் மூன்றும் இந்தக் கிலோமீட்டரில் மாற்ற வேண்டியவையே. வீல்களின் உள்விளிம்பை மட்டும் லிஃப்டில் ஏற்றிச் சுற்றிப் பாருங்கள். வளைவு வெளியிலிருந்து தெரியாது.

ஓட்டினால் இதெல்லாம் மறந்துபோகும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஐந்து பேர், 590 லிட்டர் டிக்கி நிறையப் பெட்டிகள். வளைவின் நடுவில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சாதாரண முன்சக்கர வண்டி வெளியே ஓடும். இதில் எலெக்ட்ரானிக் டிஃப் லாக் (முன்சக்கரங்களுக்கு இழுவையைப் பகிரும் அமைப்பு) வெளிச்சக்கரத்துக்கு இழுவையை அனுப்பி மூக்கை உள்ளே திருப்பிவிடும். 1,500 ஆர்.பி.எம்.மிலேயே முழு டார்க் கிடைப்பதால் மூன்றாவது கியரில் ஏறிக்கொண்டே இருக்கலாம். 2017இல் 25 லட்சத்துக்குள் எக்ஸ்-ஷோரூம் விலையில் இப்படி ஒரு குடும்ப வண்டி வந்தது என்பது இன்றும் ஆச்சரியம்தான்.

இருந்தும் நண்பருக்கு நான் சொன்ன பதில்: வேண்டாம். பம்ப் மாற்றிய பில் இல்லாத வண்டி அது. எல்லாம் சரியாக இருந்தும், இத்தனை நல்ல இன்ஜினில் இப்படி ஒரு பிளாஸ்டிக் கூட்டை மாட்டினார்களே என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. முழு யூனிட் மாற்றிய பில்லோடு இன்னொரு வண்டி வந்தால் அப்போது போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன்.