குண்டா, படையெடுப்பா, பொறுமையா? 1945 ஆகஸ்ட்

ஹிரோஷிமா பற்றிப் பேச்செடுத்தாலே, "குண்டு போடாமல் இருந்திருந்தால் இன்னும் பல லட்சம் பேர் செத்திருப்பார்கள்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். இந்த வரலாற்றை வருடக்கணக்கில் படித்து நான் எதிர்ப்பக்கம் வந்து சேர்ந்தேன். ஜப்பான் சரணடைய அமெரிக்கா வைத்த நிபந்தனையைத் தளர்த்திக் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

தரைப்படையை இறக்குவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. ஜப்பானின் ஒகினாவாத் தீவில் படை இறங்கியபோது நடந்த உயிர்ச்சேதத்தைப் பார்த்தபின் அதில் வாதாட ஒன்றுமில்லை. ஆனால் ஜப்பானின் தெற்குப் பெருந்தீவான கியூஷூவில் இறங்கத் திட்டமிட்ட நாள் நவம்பர் 1. ஆகஸ்ட் முதல் வாரத்தில் அந்த நெருக்கடி இல்லவே இல்லை. கடல் முற்றுகையும் சுத்தமான வழி என்று சொல்ல மாட்டேன், பட்டினியில் முதலில் சாவது குழந்தைகளும் கிழவர்களும்தான்.

குண்டுக்கு ஆதரவாகச் சொல்வது, வேகமாக முடித்தது என்பதை. அந்த வேகம் யார் மேல் விழுந்தது என்றும் பார்க்க வேண்டும். ஆகஸ்ட் 6 காலை 8.15-க்கு ஹிரோஷிமாவின் நடுவில் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள், தீ பரவாமல் இருக்க வீடுகளை இடித்து வெட்டவெளி ஆக்கும் வேலையில் இருந்தார்கள். அவர்களில் ஒருவனின் சாப்பாட்டு டப்பா, உள்ளே சோறு கரியானபடி, அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த வருடக் கடைசிக்குள் சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள்.

என்னைப் பொறுத்தவரை தீர்மானிக்கிற விஷயம் ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹிட்டோவின் நிலைதான். ஜப்பானைச் சரணடையச் சொல்லும் அறிக்கைக்கு அமெரிக்கப் போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன் தந்த வரைவில், இப்போதைய அரச வம்சம் அரசியலமைப்புக்கு உட்பட்டுத் தொடரலாம் என்று ஒரு வரி இருந்தது. ஜூலை 26-ல் பாட்ஸ்டாம் அறிக்கை என்ற பெயரில் அது வெளியானபோது அந்த வரி இல்லை. குண்டு போடும் உத்தரவோ முந்தின நாளே, ஜூலை 25-ல் போய்விட்டது! ஜப்பானிய வெளியுறவு அமைச்சர் டோகோ சமரசத்துக்காக, அப்போது ஜப்பானோடு போரில் இல்லாத மாஸ்கோவின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார், அதற்காக அவர் அனுப்பிய தந்திகளை வாஷிங்டன் இடைமறித்துப் படித்துக்கொண்டும் இருந்தது. கடைசியில் ஆகஸ்ட் 11-ல் அமெரிக்கா அனுப்பிய பதில், பேரரசர் நேச நாட்டுத் தளபதியின் கீழ் இருப்பார் என்ற அளவில் நின்றது, ஹிரோஹிட்டோ 1989 வரை அரியணையிலேயே இருந்தார். அப்புறம் கொடுத்ததை முன்பே கொடுத்துப் பார்த்திருக்கலாமே?

கொடுத்திருந்தால் உடனே சரணடைந்திருப்பார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது. நாகசாகிச் செய்தி வந்த பிறகும் ஜப்பானின் ஆறு பேர் கொண்ட உச்ச போர்க்குழு மூன்றுக்கு மூன்றாகப் பிரிந்தே நின்றது, போர் அமைச்சர் அனாமி மேலும் நிபந்தனைகள் கேட்டார். காத்திருந்த ஒவ்வொரு நாளும் சீனாவிலும், மலாயாத் தமிழர்கள் உட்பட ஜப்பானியப் பிடியில் இருந்தவர்களுக்கும் உயிர்ச்சேதம்தான். இது என் பக்கத்தின் உண்மையான பலவீனம்.

நாகசாகிக்கு மட்டும் எந்தச் சமாதானமும் எனக்கு எடுபடவில்லை. விழுந்தது அணுகுண்டுதானா என்று பார்க்க ஜப்பானிய இயற்பியலாளர் நிஷினா ஹிரோஷிமா போய்ச் சேர்ந்ததே ஆகஸ்ட் 8-ல். மறுநாள் விடிவதற்குள் சோவியத் படை, ஜப்பான் பிடியில் இருந்த வடகிழக்குச் சீனப் பகுதியான மஞ்சூரியாவில் புகுந்தது. இந்த இரண்டையும் டோக்கியோ உட்கார்ந்து யோசிக்கக்கூட அவகாசம் தராமல், அன்று காலை 11.02-க்கே அடுத்த குண்டைப் போட்டார்கள்.