வேலூரில் விற்கும் ‘நேபாள ஃபைல்’: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

வேலூர் ஆர்டிஓ ஆபீஸைச் சுற்றி இருக்கும் ஏஜென்ட் கடைகளில் ஒன்றில், பைக்கில் நேபாளம், பூட்டான் போகிறவர்களுக்கென்றே ஒரு ஃபைல் போட்டுத் தருகிறார்கள். கடைப் பெயர் இங்கே வேண்டாம். ஆர்சி, லைசென்ஸ், வோட்டர் ஐடி ஜெராக்ஸ் ஐந்து செட், ‘ஒரே நபர்’ அஃபிடவிட் (எல்லாத் தாளிலும் இருப்பது ஒரே ஆள்தான் என்ற உறுதிமொழிப் பத்திரம்), இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட்டுக்கான விண்ணப்பம், ‘இன்சூரன்ஸ் லெட்டர்’ என்று ஒரு தாள், பின்பக்கம் ஒட்ட இந்திய வண்டி என்று காட்டும் முட்டை வடிவ ‘ஐஎன்டி’ ஸ்டிக்கர். மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே தொகைதான் சொல்வார்கள். அரசுக் கட்டணம் எவ்வளவு, அவர்கள் கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். கேட்டால் எழுதித் தருகிறார்கள், கேட்காதவர்களுக்கு இல்லை.

இதில் காசு கொடுக்கத் தகுந்தது அஃபிடவிட். நம்மூர் ஆட்களுக்கு பார்டரில் வரும் சிக்கல் முக்கால்வாசி பெயரில்தான் வருகிறது. ஆர்சியில் ‘எஸ்.’ என்று இனிஷியல் இருக்கும், பாஸ்போர்ட்டில் அந்த எஸ் அப்பா பெயராக முழுசாக விரிந்திருக்கும், லைசென்ஸில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் போயிருக்கும். இங்கே யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இனிஷியல் வழக்கமே இல்லாத ஊரில் மூன்றும் மூன்று ஆள்.

அடுத்தது மாவட்டம். 2019 நவம்பரில் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. ஆம்பூர், வாணியம்பாடி, வாலாஜா பக்கம் பழைய ஆர்சி வைத்திருப்பவர்களுக்கு கார்டில் வேலூர் மாவட்டம், புதிதாக எடுத்த அடையாள அட்டையில் வேறு மாவட்டம். வீடு மாறவில்லை, மாவட்டம் மாறிவிட்டது! அஃபிடவிட்டில் இதையும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள், கடை தானாகச் சேர்ப்பதில்லை. நிஜமாகவே வீடு மாறியிருந்தால் அஃபிடவிட் போதாது, படிவம் 33 போட்டு ஆர்சியிலேயே முகவரியை மாற்ற வேண்டும்.

ஒரு பெரிய குறை உண்டு. சொல்லாமல் விட்டால் அஃபிடவிட்டைத் தமிழில் டைப் அடித்துவிடுகிறார்கள். நோட்டரி சீல் பளபளவென்று இருக்கும், ஆனால் நேபாள எல்லையான சுனவுலியில் அதை யார் படிப்பது? ஆங்கிலத்தில்தான் வேண்டும்.

இன்சூரன்ஸ் லெட்டர் சுத்த வேஸ்ட். கடையின் சொந்த லெட்டர்பேடில் ‘இந்த வாகனம் நேபாளத்திலும் காப்பீடு பெற்றது’ என்று எழுதிவிட்டால் ஆகிவிடுமா? உங்கள் பாலிசித் தாளை எடுத்து ‘ஜியாகிராஃபிகல் ஏரியா’ என்ற வரியைப் பாருங்கள். இந்தியா என்று மட்டும் இருந்தால் எல்லைக் கோட்டோடு காப்பீடு முடிந்தது. அதை நீட்டிக்கும் எண்டார்ஸ்மென்ட்டுக்கு, அதாவது பாலிசியோடு கம்பெனி சேர்த்துத் தரும் தாளுக்கு, பெயர் ஐஎம்டி 1. நேபாளம், பூட்டான், வங்கதேசம், இலங்கை, பாகிஸ்தான், மாலத்தீவு ஆறும் அதில் அடங்கும். வாகனக் காப்பீட்டுக் கட்டண விதித் தொகுப்பான இந்திய மோட்டார் டாரிஃபில் இதற்குப் போட்டிருக்கும் கூடுதல் பிரீமியம், சொந்த வண்டிச் சேதமும் சேர்ந்த பேக்கேஜ் பாலிசிக்கு 500 ரூபாய், தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் 100 ரூபாய். ஆன்லைனில் எடுத்த பாலிசி என்றாலும் கம்பெனியின் கிளை அலுவலகத்துக்கு நேரில் போய் எழுத்தில் கேளுங்கள். எண்டார்ஸ்மென்ட் நம்பரும் தேதியும் அச்சான தாள் கைக்கு வரவேண்டும். பைக்கைக் கப்பலில் ஏற்றினால், கடலில் போகும் நேரத்துக்கு இந்த நீட்டிப்பு பொருந்தாது.

இன்டர்நேஷனல் பர்மிட் நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் தேவையில்லை, நம் லைசென்ஸே போதும். அந்த பர்மிட்டுக்குப் படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், அதிகபட்சம் ஒரு வருஷம் செல்லும். வேறு நாட்டுக்கும் போகிற திட்டம் இல்லையென்றால் ஃபைலிலிருந்து அதை எடுத்துவிடச் சொல்லித் தொகையைக் குறையுங்கள்.

நேபாள பார்டரில் நடப்பது இவ்வளவுதான்: கஸ்டம்ஸ் கவுண்டரில் ஒரிஜினல் ஆர்சி, லைசென்ஸ், வோட்டர் ஐடி அல்லது பாஸ்போர்ட் காட்டி, எத்தனை நாள் என்று சொல்லிப் பணம் கட்டினால் ‘பன்சார்’ (கஸ்டம்ஸ்) ரசீது. பிறகு போக்குவரத்து அனுமதிச் சீட்டு. நாள் கணக்கில் ஒன்றிரண்டு கூடவே போடுங்கள், நுழையும் நாளும் கணக்கில் சேரும். ஒரு வருஷத்துக்கு மொத்தம் 30 நாள்தான். பைக் அப்பா பெயரிலோ மனைவி பெயரிலோ இருந்தால் அவர்களிடம் நோட்டரி போட்ட ஒப்புதல் கடிதம் வேண்டும். இது கடையின் ஃபைலில் இல்லவே இல்லை.

ரசீதில் பலர் ஏமாறும் இடம் தேதி. அது நேபாளக் காலண்டரான விக்ரம் சம்வத்தில், தேவநாகரி எண்ணில் இருக்கும். ஆண்டு நம்முடையதைவிட 56 அல்லது 57 கூடுதல். பயப்பட வேண்டாம்: அவர்கள் வைசாகம் தொடங்குவதும் நம் சித்திரை பிறப்பதும் கிட்டத்தட்ட ஒரே நாள். தினசரி காலண்டரில் தமிழ்த் தேதியைப் பார்த்தால் ஓரிரு நாள் வித்தியாசத்தில் அதுவாகவே இருக்கும். கெடு நாளை கவுண்டரிலேயே ஆங்கிலத் தேதியில் கேட்டு, ரசீதின் பின்னால் எழுதிக்கொள்ளுங்கள்.

பூட்டானுக்கு அதன் எல்லை ஊரான ஃபுன்ட்ஷோலிங்கில் ஆளுக்கும் வண்டிக்கும் தனித்தனி பர்மிட். அதோடு இந்தியர்களுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் கட்டணம்.

‘கார்னெட்டும் எடுத்துத் தருகிறோம்’ என்று கடையில் சொன்னால் கவனம். வண்டியை வரி கட்டாமல் தற்காலிகமாக வேறு நாட்டுக்குள் கொண்டுபோக உதவும் கஸ்டம்ஸ் புத்தகம்தான் கார்னெட். நம் பதிவெண் வண்டிக்கு நேபாளத்திலும் பூட்டானிலும் கார்னெட் கேட்பதில்லை. இலங்கைக்குக் கப்பலில் அனுப்புகிறவர்களுக்கு, ஈரான் வழியாக மேற்கே போகிறவர்களுக்குத்தான் அது. (நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் ஆட்களுக்கு மட்டும், பைக் ஏறாது.) கார்னெட்டை ஆட்டோமொபைல் சங்கங்கள்தான் தரும், செக்யூரிட்டி தொகையும் கட்ட வேண்டும். ஒவ்வொரு தாளும் மூன்று துண்டு: நுழையும்போது ஒன்றைக் கிழிப்பார்கள், வெளியேறும்போது ஒன்றை. அடிக்கட்டை புத்தகத்திலேயே நிற்கும், அதில் இரண்டு முத்திரையும் விழ வேண்டும். வெளியேறும் முத்திரை விடுபட்டால், வண்டியை அங்கேயே விற்றுவிட்டதாக எண்ணி வரி கேட்பார்கள், கட்டிய செக்யூரிட்டி சிக்கிக்கொள்ளும்.

கார்னெட் விண்ணப்பத்தில் சேஸிஸ் நம்பரை ஆர்சியைப் பார்த்து அடிக்காதீர்கள். ஹேண்டில் கழுத்தில் கிரீஸைத் துடைத்து, வெள்ளைத் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். 17 எழுத்துச் சேஸிஸ் நம்பரில் ஆங்கில ஐ, ஓ, க்யூ வராது. டைப் அடித்த தாளில் ஓ இருந்தால் அது பூஜ்யம், அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். என்ஜின் நம்பருக்கு இந்த விதி கிடையாது.

ஆர்சி கார்டை மட்டும் ‘நாளைக்கு வாங்கிக்குங்க சார்’ என்றாலும் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். தொலைந்தால் படிவம் 26 போட்டு டூப்ளிகேட் வாங்க வேண்டும். இங்கே போலீஸிடம் செல்லும் டிஜிலாக்கர் ஆர்சியை நம்பி இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டிப் போனால், நேபாளக் கவுண்டரில் ஒரிஜினல் கார்டைத்தான் கேட்பார்கள்.