கோவையில் வாங்கிய இரு வாள்கள்: செம்பும் வெண்கலமும்

ஆடி 18 அன்று தீரன் சின்னமலை படத்தின் அருகே வைப்பதற்காக, கோவை டவுன்ஹால் பகுதியில் உள்ள ஒரு பாத்திரக் கடையில் செம்பு வாள் ஒன்றும் வெண்கல வாள் ஒன்றும் வாங்கினேன். 1805-இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட அவர் காலத்துப் போர்வாள்கள் எஃகினால் ஆனவை. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இரும்பை உருக்கியிருக்கிறார்கள். ஆகவே இவ்விரண்டையும் காட்சிப் பொருள்களாகவே மதிப்பிடுகிறேன்.

வெண்கல வாள் என் மனத்தை நிறைத்தது. எஃகைப் போலக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து வெண்கலத்தைக் கடினமாக்க முடியாது என்பதால், வார்த்தெடுத்த பின் அதன் விளிம்பைக் குளிர்ந்த நிலையில் சுத்தியலால் தட்டித்தான் இறுக்க வேண்டும். இந்த வாளின் இரு விளிம்புகளிலும் அந்தத் தட்டுத் தடங்கள் சீராகத் தெரிகின்றன. அலகின் வால்பகுதி கைப்பிடியின் அடிவரை சென்று மூன்று தறையாணிகளால் பிணைக்கப்பட்டிருப்பதால், கையில் எடுத்தால் சிறிதும் ஆடுவதில்லை.

செம்பு வாள் ஏமாற்றமே. தூய செம்பு மென்மையானது என்பதால் அலகு வளைந்ததை நான் குறையாகக் கருதவில்லை. ஆனால் செம்பு என்று சொல்லி விற்ற கைப்பிடியின் உட்புறத்தைச் சுரண்டியபோது பித்தளையின் மஞ்சள் தெரிந்தது, இதைக் கடைக்காரர் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

களிம்பு ஏறினால் புளி தேய்த்துக் கழுவி, ஈரமின்றித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் மெல்லப் பூசுகிறேன். சிலம்பப் பயிற்சியில் மோதவிட இரண்டுமே ஏற்றவையல்ல.