ஏகாண்ட வீணையா, ஒட்டு வீணையா? டெல்டாக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

தஞ்சாவூரில் வீணை செய்யச் சொல்லி முன்பணம் கொடுக்கப் போனால், பட்டறையில் முதலில் கேட்பது "ஏகாண்டமா, ஒட்டா?" என்பதைத்தான். மகளுக்காகச் சென்ற ஆண்டு ஏகாண்டம் சொன்னோம். செலவு கணிசமாகக் கூடியது. ஆனாலும் மயிலாடுதுறையில் குடியிருக்கும் எனக்கு அதுவே சரியென்று படுகிறது. அதற்குக் காரணம் நாதம் அல்ல, பராமரிப்பு.

வேறுபாடு பலருக்கும் தெரிந்ததுதான். ஏகாண்டம் ஒரே பலாமரத் துண்டில் குடைந்தெடுப்பது. ஒட்டு வீணையில் குடம் என்ற உருண்டைப் பகுதி, தண்டி என்ற நீண்ட கழுத்து, அதன் நுனியில் வரும் யாளி முகம் மூன்றையும் தனித்தனியே செய்து இணைப்பார்கள். குடத்தின் அகலத்துக்குப் பருத்து, நான்கடிக்கு மேல் வெடிப்பில்லாமல் ஓடும் அடிமரம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அதில் பெரும்பகுதி சீவலாகப் போய்விடும். விலை ஏறுவது அங்கேதான். தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கர் காலத்தில் நிலைபெற்றதாகச் சொல்லப்படும் 24 மெட்டுகள் (தந்தியை அழுத்தி வாசிக்கும் குறுக்குக் கட்டைகள்), நான்கு வாசிப்புத் தந்திகள், மூன்று தாளத் தந்திகள் எல்லாம் இரண்டிலும் ஒன்றே.

ஏகாண்டத்துக்குக் கார்வை, அதாவது மீட்டிய ஒலி நின்று ஒலிக்கும் நேரம், நீளம் என்பார்கள். எங்கள் வீணையில் மந்திரத் தந்தி (தாழ்ந்த சுரத்துக்கானது) நன்றாகவே நின்று ஒலிக்கிறது. ஆனால் அது ஒரே மரத்தால் வந்ததா, குடத்தை மூடும் பலகையின் கனத்தாலா, தந்திகளைத் தாங்கும் குதிரை உட்கார்ந்த விதத்தாலா என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு நான் வீணைகளை அருகருகே கேட்டதில்லை. நாதத்துக்காக மட்டும் என்றால் இவ்வளவு பணம் கொடுத்திருக்க மாட்டேன்.

தீர்மானிக்க வைத்தது மேளம். வீணையின் மெட்டுகள் மரத்தில் அறையப்பட்டவை அல்ல. தேன்மெழுகும் கரிப்பொடியும் கலந்த கறுப்பு மெழுகை உருக்கி, தண்டியின் இருபுறமும் வரப்புபோல எழுப்பி, அதன்மேல் ஒவ்வொரு மெட்டாகப் பதித்து, காதால் கேட்டு நகர்த்தி நிறுத்துகிறார்கள். இந்த வேலைக்கு மேளம் கட்டுவது என்று பெயர். கை தேர்ந்தவர் ஒருவர் அமைதியான இடத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டியது. சித்திரை வெயிலில் மெழுகு இளகினால் ஏகாண்டம் என்றும் ஒட்டு என்றும் பார்க்காமல் மெட்டு நகரத்தான் செய்யும். அந்தச் செலவிலிருந்து யாரும் தப்ப முடியாது.

ஐப்பசி, கார்த்திகையில் வருவது வேறு சிக்கல். மரம் ஈரத்தை வாங்கி உப்பும், தை பிறந்ததும் சுருங்கும். தனித்தனி மரத்திலிருந்து வந்த குடமும் தண்டியும் ஒரே அளவில் உப்பிச் சுருங்குவதில்லை. அந்த இழுபறி முழுவதும் இணைப்பின் மேல் விழுகிறது. ஏழு தந்திகளின் இழுவிசையும் அதே இடத்தில்தான். இணைப்பு மயிரிழை விட்டாலும் தண்டி முன்னால் சாய்ந்து, தந்தி மெட்டைவிட்டு எழும்பிவிடும். அழுத்த விரல் வலிக்கும், அழுத்தினால் சுருதி கூடும். மகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் டீச்சரின் ஒட்டு வீணைக்கு இதுதான் நேர்ந்தது. இணைப்பைத் திறந்து, மறுபடி ஒட்டி, காயவைத்து, பிறகு 24 மெட்டுக்கும் புதிதாக மேளம் கட்ட வேண்டியிருந்தது. அதுவரை அவர் இரவல் வீணையில் பாடம் நடத்தினார்.

ஏகாண்டத்துக்கு ஆபத்தே இல்லையா என்றால், இருக்கிறது. நன்றாக உலராத மரமாக இருந்தால் இழையோடு வெடிக்கும். தண்டி முறிந்தால் அதை மட்டும் மாற்ற வழியில்லை. ஒட்டில் அது முடியும். எங்கள் வீணை இன்னும் ஒரே ஒரு மழைக்காலத்தைத்தான் கண்டிருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குடமும் தண்டியும் சேரும் இடத்தில்தான் நகாசு வேலை நெருக்கமாக இருக்கும். முன்பு தந்தத்திலும் மான்கொம்பிலும் செய்தார்கள். வனவிலங்குச் சட்டம் வந்தபின் பிளாஸ்டிக் தகட்டில் கொடியும் பூவும் கீறி, கோடுகளில் வண்ணம் நிரப்புகிறார்கள். அழகுதான், ஆனால் அந்தப் பட்டையின் அடியில் இணைப்பு இருந்தால் வெளியே தெரியாது. வீணையைத் திருப்பி வைத்து, குடத்தின் அடியிலிருந்து தண்டிவரை மரத்தின் இழையை விரலால் தொடர்ந்து பாருங்கள். பட்டையைத் தாண்டியும் அதே இழை, அதே நிறத்தில் ஓடினால் ஏகாண்டம். அங்கே வேறு திசையில் புது இழை தொடங்கினால் ஒட்டு. எங்களுக்குச் செய்தவர் நகாசு பதிக்கும் முன்பே, "தம்பி, வந்து பார்த்துவிட்டுப் போங்கள்" என்று கூப்பிட்டுக் காட்டினார். அப்படிக் காட்டுபவரை நம்பலாம்.

பூச்சு விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணிப்பந்தால் மெல்லிய பூச்சாக ஏற்றிக்கொண்டே போவார்கள். புதுப் பூச்சு பழையதைக் கரைத்து அதனோடு சேர்ந்துவிடுவதால், கீறல் விழுந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியும். பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சு தண்ணீருக்கும் வியர்வைக்கும் நன்றாகத் தாங்கும். உடைந்தால் தேய்த்தெடுத்துத்தான் மறுபடி அடிக்க வேண்டும். புதிய பலாவின் மஞ்சள் ஆண்டுகள் போகப்போகப் பழுப்பேறுவதும் அரக்கின் அடியில் பார்க்க நன்றாக இருக்கும். காபி டம்ளரை மட்டும் அருகில் வைக்காதீர்கள்; சூடு பட்டால் வெள்ளைத் திட்டு விழும்.

இப்போதுதான் கற்கத் தொடங்கும் குழந்தைக்கு, தொடருமா என்று தெரியாத நிலையில், நல்ல ஒட்டு வீணையே போதும். பட்டறைக்குப் பக்கத்திலேயே வீடு என்றாலும் அப்படியே. மற்றவர்கள், கையில் பணம் சேரும்வரை காத்திருந்தாவது ஏகாண்டம் வாங்குங்கள். ஆர்டரை மட்டும் பூச்சு வேலை மழைக்காலத்தில் வராதபடி கணக்கிட்டுக் கொடுங்கள். அடைமழை ஈரத்தில் ஏற்றிய அரக்கு பால்போல வெளுத்துவிடும்.