எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்தவர்களைக் குறிவைத்து விற்கப்படும் 'கவுனி புரோட்டீன் மாவு': வாங்குமுன் படியுங்கள்

மதுரைக்கோ திருச்சிக்கோ போய் இரைப்பை ஆபரேஷன் செய்துகொண்டு ஊர் திரும்பியவர்களைக் குறிவைத்து காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் ஒரு மாவை விற்கிறார்கள். "ஆபரேஷன் பண்ணவங்களுக்குன்னே தயாரிச்சது, செயற்கை எதுவும் இல்ல" என்பது விற்பவர் பேச்சு. அரைக் கிலோ 900 ரூபாய். விற்பவர் பெயரை இங்கே எழுதவில்லை. இதே வேலையை வேறு பெயர்களிலும் செய்கிறார்கள். ஏமாற்றும் விதம் தெரிந்தால் எந்த டப்பாவையும் நீங்களே பிடித்துவிடலாம்.

டப்பாவின் முன்பக்கத்தில் '100 கிராமில் 62 கிராம் புரோட்டீன்' என்று கொட்டை எழுத்து. பின்பக்கம் சேர்மானம்: கருப்புக் கவுனி அரிசி, கேழ்வரகு, பொட்டுக்கடலை, பாசிப்பருப்பு, பாதாம், நாட்டுச் சர்க்கரை, ஏலக்காய். இந்த இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க வழியே இல்லை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 7 கிராம் புரோட்டீன், கவுனியில் 8 அல்லது 9, பொட்டுக்கடலையிலும் பாதாமிலும் 20ஐ ஒட்டி, பாசிப்பருப்பில் 24. இருப்பதிலேயே அதிகம் 24 என்றால் எந்த விகிதத்தில் அரைத்தாலும் கலவை அதைத் தாண்டாது. அரிசியும் சர்க்கரையும் சேரச் சேர 12, 13க்கு இறங்கிவிடும். 60ஐத் தாண்ட வேண்டுமானால் பாலிலிருந்தோ சோயாவிலிருந்தோ பிரித்தெடுத்த புரோட்டீனைக் கலந்திருக்க வேண்டும். கலந்திருந்தால் சேர்மானத்தில் வே (பாலிலிருந்து பிரித்த புரோட்டீன்) என்றோ சோயா ஐசொலேட் என்றோ எழுதியே ஆக வேண்டும்.

கேட்டால் "அது பாலோட சேத்துப் போட்ட கணக்கு" என்று பதில் வருகிறது. டப்பாவில் பால் என்ற சொல்லே இல்லை. பாலைச் சேர்த்தாலும் கணக்கு உதைக்கிறது: 200 மில்லி பாலில் இருப்பது ஆறரை கிராம்தான். பிரித்த டப்பா என்று சொல்லி பணத்தையும் திருப்பித் தருவதில்லை.

பணம் போனதைவிடப் பெரிய கேடு உடம்புக்கு நடக்கிறது. ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் அகற்றிவிடுகிறார்கள். இரைப்பை பைபாஸில் உணவு முதலில் போய்ச் சேரும் பை, தொடக்கத்தில் 30 மில்லி அளவுதான். அந்த இடத்துக்குள் ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரோட்டீன் போக வேண்டும் என்பது பொதுவான இலக்கு. உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும், சிறுநீரகக் கோளாறு இருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும். 30 கிராம் மாவை இரண்டு வேளை குடிப்பவர் 37 கிராம் கிடைத்ததாக நம்புகிறார். உண்மையில் கிடைப்பது 8 கிராமுக்குப் பக்கம். பாக்கியை உடம்பு தன் தசையிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

இது உடனே வெளியே தெரியாது. தசை கரைந்தாலும் எடை இறங்கத்தானே செய்யும், வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். மூன்று, நான்கு மாதத்தில் முடி கொட்டுவது சரியாகச் சாப்பிடுபவர்களுக்கும் நடப்பதால் அதையும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. படி ஏறினால் தொடை தளர்வது, கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுவது, புண் ஆறாதது எல்லாம் அடுத்து வரும். ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரோட்டீன் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழே இறங்குவது தாமதமாகத் தெரியும் அறிகுறி. ரிப்போர்ட் நார்மல் என்பதால் புரோட்டீன் போதுகிறது என்று முடிவு கட்டக் கூடாது. பைபாஸ் செய்தவர்களுக்கு அந்த நாட்டுச் சர்க்கரை வேறு தொல்லை. குடித்த அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிசைவு, பேதி. "உடம்பு கழிவை வெளியேத்துது" என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். சர்க்கரை வேகமாகக் குடலில் இறங்குவதால் வருவது அது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு ஸ்பூன் மாவை அரை டம்ளர் தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஆறியபின் இரண்டு சொட்டு பீட்டாடின் (புண்ணுக்குப் போடும் அயோடின் கரைசல்) விடுங்கள். கருநீலமாக மாறினால் மாவுச்சத்து இருக்கிறது. சுத்தமான வே பவுடர் பழுப்பு மஞ்சளாகவே நிற்கும். தானியம், பருப்பு அரைத்த எந்த மாவும் கருநீலம் காட்டும், அதில் தப்பில்லை. 'வே' என்று விற்றது காட்டினால்தான் மோசடி. மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற, மாவுச்சத்தை உடைத்துச் செய்த பொடி கலந்திருந்தால் இந்தச் சோதனையில் பிடிபடாமல் போகலாம்.

பெரிய டப்பா பவுடர்களிலும் கவனம் தேவை. புரோட்டீனை அளக்கும் வழக்கமான முறை நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குவது. அதனால் நைட்ரஜன் உள்ள மலிவான கிளைசின், டாரின் போன்றவற்றைக் கலந்தாலும் எண் ஏறிவிடும். சேர்மானத்தில் அவை தனியாக எழுதப்பட்டிருந்தால் வேண்டாம். கொலாஜன் பவுடரில் உடம்புக்கு அவசியமான டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் கிடையாது, அன்றாட இலக்கில் அதைச் சேர்க்காதீர்கள். ஆட்டுக்கால் சூப்பில் இறங்குவதும் பெரும்பாலும் கொலாஜன்தான் என்பதால் அதுவும் கணக்கில் வராது. தெளிந்த பருப்புத் தண்ணியிலும் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பருப்பு அடியில் தங்கிவிடுகிறது. அக்கறையோடு ஆத்தாமார் வைத்துக் கொடுக்கிற இவ்விரண்டையும் குடிக்கலாம், ஆனால் அதை ஒரு வேளைப் புரோட்டீனாக எண்ணக் கூடாது.

டப்பாவில் இருக்கும் உணவு லைசென்ஸ் எண் 14 இலக்கம். 2 என்று தொடங்கினால் சிறு வியாபாரிக்கான பதிவு மட்டுமே. ஊட்டச்சத்து சப்ளிமென்ட் தயாரிக்க மத்திய லைசென்ஸ் வேண்டும். எண்ணை மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் போட்டு, எந்தப் பொருளுக்கு வாங்கிய அனுமதி என்று பாருங்கள்.

விலைக் கணக்கு இது. அந்த மாவின் அரைக் கிலோவில் 60, 65 கிராம் புரோட்டீன் இருந்தால் கிராமுக்கு 14 ரூபாய் ஆகிறது. முட்டை 7 ரூபாய் என்றாலும் ஆறு கிராம் கிடைக்கிறது, கிராம் ஒன்றேகால் ரூபாய்கூட இல்லை. கிலோ 3,000 ரூபாய் வே பவுடரும் நாலு ரூபாய்க்குள் அடங்கும்.

கெட்டி உணவுக்கு மருத்துவர் அனுமதித்த பிறகு ஒரு நாளை இப்படி அமைக்கலாம். காலையில் 200 மில்லி ஆடை நீக்கிய பாலில் 24 கிராம் புரோட்டீன் உள்ள வே ஒரு அளவுக் கரண்டி: மொத்தம் 30 கிராம் புரோட்டீன். பால் வெதுவெதுப்பாக இருக்கட்டும், கொதிக்கும் பாலில் போட்டால் கட்டி கட்டியாகத் திரளும். பதினொரு மணிக்கு ஒரு முழு முட்டையும் ஒரு வெள்ளைக்கருவும், ஒன்பதரை. மதியம் 60 கிராம் வெந்த மீன், 13 போல. சாயந்தரம் பனீர் 50 கிராம், 9. ராத்திரி கெட்டியாகக் கடைந்த பாசிப்பருப்பு ஒரு சின்னக் கிண்ணம், 6. கூட்டினால் 67 வருகிறது. சைவக்காரர்கள் மீனுக்குப் பதில் உலர்ந்த சோயா உருண்டை 25 கிராம் எடுத்து ஊறவைத்து, பொடியாக அரைத்துச் சேர்க்கலாம்.

நம் ஊர்ச் சமையலில் இதற்கு நன்றாக ஒத்துவருவது மீன் புட்டு. வேகவைத்து உதிர்த்த மீனை வெங்காயம், பூண்டோடு குறைந்த எண்ணெயில் ஈரப்பதம் போகாமல் பிரட்டினால் தொண்டையில் அடைக்காது. மாறாக உப்புக்கறி, வறுத்த கோழி போன்றவை வறண்டு நார்நாராக இருப்பதால் முதல் சில மாதங்களில் நெஞ்சில் நின்றுவிடும். தட்டில் முதலில் புரோட்டீன், பிறகு காய், சோறு கடைசி. சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், முடித்து அரை மணி கழித்துக் குடியுங்கள். விருந்துக்குப் போனால் பணியாரமும் கந்தரப்பமும்தான் முதலில் இலைக்கு வரும். வீட்டிலேயே முட்டை சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது.

இந்த மாவை ஏற்கெனவே வாரக்கணக்கில் குடித்துக்கொண்டிருப்பவர்கள் டப்பாவோடு ஆபரேஷன் செய்த மருத்துவரைப் பாருங்கள். வாந்தியும் சேர்ந்திருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். தயமின் (வைட்டமின் பி1) குறைந்து நரம்பைப் பாதிக்கும் ஆபத்து உண்டு. குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் கொடுக்க வேண்டும் என்பதால், ஆபரேஷன் செய்தவர் என்று உள்ளூர் ஆஸ்பத்திரியில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பில், டப்பா, மிச்ச மாவு, வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். சிவகங்கை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். பணத்துக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவுப்படி, வாங்கியவரே கட்டணம் கட்டிப் பொருளைப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம். குறை உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் பரிசோதனைக்காக வாங்குகிறேன் என்று வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு இன்னொரு டப்பாவைப் பில்லோடு புதிதாக வாங்குங்கள், கூட ஒரு சாட்சியும் இருக்கட்டும்.