நுண்குமிழும் ஒரு யூனியனும்: சம்புக்கு வெளியே பொருத்திய ரிட்டர்ன் பம்ப், நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின்

என் பவளத் தொட்டியின் ரிட்டர்ன் பம்பில் (அடியில் இருக்கும் சம்ப் என்ற துணைத்தொட்டியிலிருந்து நீரை மேலே திருப்பி அனுப்புவது), தண்ணீரை உறிஞ்சும் பக்கத்து யூனியன் என்ற திருகு இணைப்பைக் கழற்றி, அதிலுள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தை மாற்றியபின், தொட்டிக்குள் விடாமல் சுற்றிக்கொண்டிருந்த நுண்குமிழ்கள் அடங்கிவிட்டன. இந்தப் பம்பைச் சில ஆண்டுகளாக ஓட்டிவருகிறேன். 24 வோல்ட் டி.சி. மோட்டார், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, சம்புக்குள்ளும் வெளியிலும் பொருத்தலாம் என்ற உறுதி ஆகிய விவரங்களை வாங்க நினைப்பவர்கள் முன்பே பார்த்திருப்பார்கள். அவற்றைத் திரும்ப எழுதப்போவதில்லை. பம்புடன் வரும் அந்த யூனியனைப் பற்றியே எழுத வந்தேன். அது என் பொறுமையை வெகுவாகச் சோதித்துவிட்டது.

சிங்கப்பூரில் வீவக (அரசுக் குடியிருப்பு) வீட்டின் வரவேற்பறையில் இருக்கும் நான்கடித் தொட்டி இது. ஏறத்தாழ 400 லிட்டர் கொள்ளும். அடியில் அக்ரிலிக் சம்ப், மேல்தொட்டி நீர் வழிந்து சம்புக்கு இறங்கும் ஓவர்ஃப்ளோவில் இரண்டு வடிகுழாய்கள் கொண்ட ஹெர்பி முறை. நீருக்குள் மூழ்கிய மோட்டாரின் வெப்பம் முழுவதும் தண்ணீரிலேயே இறங்கும், அந்தச் சுமையையும் நீரைக் குளிர்விக்கும் சில்லரே இழுக்க வேண்டியிருக்கும் என்பதால்தான் பம்பை சம்புக்கு வெளியே வைத்தேன். வெளியே வைக்கலாம் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருந்தார்கள்.

நன்னீர்த் தொட்டி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லையின் கடுமை எளிதில் விளங்காது. நன்னீரில் சிறு குமிழ்கள் ஒன்றோடொன்று மோதினால் சேர்ந்து பெரிதாகி, விரைந்து மேலேறி உடைந்துவிடும். உப்புநீரில் கரைந்திருக்கும் உப்பு அப்படிச் சேரவிடுவதில்லை. சிறிதாகப் பிறந்த குமிழ் சிறிதாகவே நிற்கும். குமிழ்களைக் கொண்டு கழிவைப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் கடல்நீரில் நன்றாக வேலை செய்வதும் நன்னீரில் தடுமாறுவதும் இதனால்தான். குமிழ் சிறுத்தால் அது மேலேறும் வேகம் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது: 0.1 மி.மீ. விட்டமுள்ள குமிழ் நொடிக்கு ஏறத்தாழ அரை செ.மீ. மட்டுமே ஏறும், அதில் பாதி விட்டமுள்ளது, அந்த வேகத்திலும் நாலில் ஒரு பங்குதான். அலைப் பம்புகள் நீரைப் புரட்டிக்கொண்டே இருக்கும் ஒரு ரீஃப் தொட்டியில் இத்தகைய குமிழ் மேற்பரப்பைப் போய்ச் சேர்வதே அரிது.

மாலையில் நீல எல்.இ.டி. மட்டும் எரியும்போது, அப்போதுதான் திறந்த சோடா போத்தலைப் போல என் தொட்டி இருந்தது. யூஃபைலியா பவளத்தின் விரல்களுக்கு அடியில் குமிழ்கள் முத்து முத்தாக ஒட்டிக்கொள்ள, விரல்கள் பாதி சுருங்கியே நின்றன. மேற்பரப்பில் உடையும் குமிழ்கள் தெறித்த உப்பு விளக்கின் லென்சில் வெள்ளையாகப் படிந்து, துடைத்த மறுநாளே திரும்பப் படிந்தது. மீன்களுக்கு எதுவும் ஆகவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் பவளத்தைப் பார்ப்பதற்காகவே வைத்த தொட்டியில் பவளம் தெரியாமற்போனால் மனம் ஒப்புவதில்லை.

காரணத்தைத் தேடியபோது, தண்ணீர் போகும் வழியைப் பின்பற்றி ஒவ்வொரு இடமாக விலக்கிக்கொண்டு வந்தேன். முதலில் வடிகுழாய். ஹெர்பி முறையில் முதன்மைக் குழாய் காற்றில்லாமல் முழுக் குழாயாக ஓட வேண்டும். கேட் வால்வைச் சிறிது சிறிதாக மூடி, குழாயின் வாய்க்கு மேல் தண்ணீர் நிற்கும்படி வைத்தால் களகளவென்ற ஓசை அடங்கிவிடும். பால் வால்வில் இந்த நுண்மையான சரிக்கட்டல் வராது. குழாயின் கீழ்முனை சம்பின் நீர்மட்டத்திற்கு 2 அல்லது 3 செ.மீ. கீழே இருந்தால் போதும். அதைவிட ஆழமாக இறக்கினால், பம்பை நிறுத்தி இயக்கும் ஒவ்வொரு முறையும் குழாயிலுள்ள காற்று வெளியேற வழியின்றித் திணறும். இவையெல்லாம் என் தொட்டியில் ஒழுங்காகவே இருந்தன.

அடுத்தது ஸ்கிம்மர். புதிய ஸ்கிம்மரும், வினிகரில் ஊறவைத்துக் கழுவிய பழைய ஸ்கிம்மரும் சில நாட்கள் குமிழைக் கக்குவது வழக்கம் என்பதால் எல்லாரும் முதலில் அதையே குற்றவாளியாக்குகிறார்கள். பம்பை விற்ற கடைக்காரரும் அதையே சொன்னார். ஸ்கிம்மரை ஒரு மணி நேரம் நிறுத்திவைத்துப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும். குமிழ் குறையவில்லை என்று சொன்னபிறகும் அவர் ஸ்கிம்மரைக் கழுவச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சம்பின் பாஃபிள் தடுப்புகளைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இரண்டு தடுப்புகளுக்கு இடையே 2.5 செ.மீ. இடைவெளி விட்டுத் தண்ணீரை மேலும் கீழுமாக அனுப்பினால் குமிழெல்லாம் பிடிபட்டுவிடும் என்பார்கள். கணக்கிட்டுப் பாருங்கள்: 40 செ.மீ. அகலமுள்ள சம்பில் மணிக்கு 3000 லிட்டர் ஓடினால், அந்த இடைவெளியில் தண்ணீர் நொடிக்கு 8 செ.மீ.க்கும் அதிகமான வேகத்தில் பாய்கிறது. நொடிக்கு அரை செ.மீ. ஏறும் குமிழ் அந்த ஓட்டத்தை எதிர்த்து எங்கே ஏறும்? கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் குமிழ்களை மட்டுமே அந்தத் தடுப்பு நிறுத்தும். இடைவெளியை அகலமாக்குவதும், அங்கே ஒரு முரட்டு ஸ்பாஞ்ச் வைப்பதும்தான் பயன் தரும். ஸ்பாஞ்சை அடிக்கடி அலச வேண்டும்.

தொட்டிக்குள் தண்ணீர் திரும்பும் முனையில், மின்சாரம் நின்றால் பின்னோக்கி இழுப்பதைத் தடுக்க ஒரு சிறு துளை இடுவது வழக்கம். அந்தத் துளை நீர்மட்டத்தைத் தொட்டும் தொடாமலும் இருந்தால், பாயும் நீர் அதன் வழியே காற்றை இழுக்கும். அங்கே உண்டாகும் குமிழ்கள் பெரும்பாலும் முனையின் அருகிலேயே, கொஞ்சம் பருமனாக, பலவகை அளவுகளில் தெரியும். என் தொட்டியில் வந்தவை அப்படிப்பட்டவை அல்ல. எல்லாம் ஒரே அளவு, தூளிலும் தூள். பம்பின் சுழலி காற்றை வெட்டி அரைத்தால்தான் இப்படி ஆகும். ஆகவே காற்று பம்புக்கு முன்பே நுழைகிறது என்பது உறுதியாயிற்று.

பம்புக்கு முன்னால் இருப்பவை ரிட்டர்ன் அறை (பம்பு நீரை எடுக்கும் சம்பின் பகுதி), சல்லடை, பல்க்ஹெட் (சம்பின் சுவரில் குழாயைப் பொருத்தும் இணைப்பு), ஒரு சாண் குழாய், யூனியன்; அவ்வளவுதான். இந்தச் சிறு தூரத்தில்தான் இரண்டு வேறு காரணங்கள் ஒரே அறிகுறியைக் காட்டி ஏமாற்றுகின்றன. ஓவர்ஃப்ளோ உள்ள அமைப்பில் ஆவியாகும் நீரின் இழப்பு மேல்தொட்டியில் தெரியாது. முழுவதும் ரிட்டர்ன் அறையில்தான் தெரியும். என் ரிட்டர்ன் அறையில் ஒரு லிட்டர் குறைந்தால் மட்டம் ஒரு செ.மீ. இறங்கும். ஆவியான நீரைத் தானாக ஈடுகட்டும் ஆட்டோ டாப்-ஆஃப் வாளி காலியாகும் நாட்களில் குமிழ் பெருகியது. உப்புக் கலந்த நீரை ஊற்றி மட்டத்தை 5 செ.மீ. உயர்த்தினால் குமிழ் வெகுவாகக் குறைந்தது. (நன்னீரை ஊற்றிச் சோதித்தால் உப்பளவு சரியும். மின்சாரம் நின்றால் மேலிருந்து இறங்கும் நீருக்கு சம்பில் இடம் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.) இதைப் பார்த்தால் யாரும் நீர்ச்சுழி என்றே முடிவு கட்டுவார்கள்: மட்டம் தாழும்போது உறிஞ்சு வாயின் மேல் சுழி விழுந்து, அதன் குழல் வழியே காற்று இறங்குகிறது என்று. உறிஞ்சு வாயில் கீழ்நோக்கிய முழங்கைக் குழாயைப் பொருத்தினேன். சுழி விழவே வழியில்லை. குமிழ் நின்றபாடில்லை.

அப்போதுதான் குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தைப் பற்றி யோசிக்க வேண்டியதாயிற்று. ஓர் அங்குலக் குழாயில் மணிக்கு 3000 லிட்டர் ஓடும்போது தண்ணீரின் வேகம் நொடிக்கு ஒன்றரை மீட்டரை ஒட்டியிருக்கும். அந்த வேகத்தைத் தருவதற்கே ஏறத்தாழ 12 செ.மீ. உயரத் தண்ணீர் தரும் அழுத்தம் செலவாகிறது. சல்லடையிலும் குழாயின் வாயிலும் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் 20 செ.மீ.யைத் தொட்டுவிடும். யூனியனுக்கு மேல் சம்பில் நிற்கும் தண்ணீரின் உயரமும் அதே அளவுதான். அதாவது மட்டம் சற்றுத் தாழ்ந்தாலோ சல்லடையில் பாசி படிந்தாலோ, அந்த இணைப்புக்குள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைந்துவிடுகிறது. அங்கே மயிரிழை இடைவெளி இருந்தாலும் தண்ணீர் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஒழுகாத இணைப்பை யார் சந்தேகிப்பார்கள்?

ஆனாலும் அது சாட்சி வைத்திருந்தது. கைவிளக்கை அருகில் பிடித்துப் பார்த்தபோது, யூனியன் வளையத்தின் அடிப்பகுதியில் நகத்தின் ஓரம் அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. பம்பை நிறுத்தும் வேளைகளில் அழுத்தம் திரும்ப, ஒரு துளி கசிந்து, அங்கேயே உலர்ந்து உப்பாகியிருக்கிறது. பம்பை முழு வேகத்தில் ஓடவிட்டு, அந்த வளையத்தைச் சுற்றிலும் சிலிக்கோன் கிரீஸை விரலால் அழுத்திப் பூசினேன். குழாயிலிருந்த குமிழ்கள் வெளியேறியதும் மேலே வந்த நீர் தெளிவாக இருந்தது. இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை. சம்புக்கு வெளியே பம்பு வைத்திருக்கும் எவரும் வேறு எதையும் மாற்றுவதற்கு முன் இதைச் செய்து பார்க்கலாம். வேசலின் வேண்டாம், ஓ-ரிங் இ.பி.டி.எம். ரப்பராக இருந்தால் பெட்ரோலிய எண்ணெய் அதை உப்பவைத்துக் கெடுத்துவிடும்.

யூனியனைக் கழற்றிய பிறகுதான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. ஓ-ரிங் அமரும் பள்ளம் தேவைக்கு மேல் ஆழமாக வெட்டப்பட்டிருக்கிறது; புதிய ரிங்கே விளிம்புக்கு மேல் சிறிதளவுதான் தலைகாட்டும். ரப்பர் காலப்போக்கில் அழுந்தித் தட்டையாவது இயல்பு என்பதை இப்பொருளை வடிவமைத்தவர்கள் அறியாதவர்கள் அல்ல. தட்டையானபின் இரண்டு பிளாஸ்டிக் முகங்கள் நேராக முட்டிக்கொள்கின்றன. எவ்வளவு முறுக்கினாலும் ரிங்குக்கு அழுத்தம் போய்ச் சேராது. அந்த ரிங்கைத் தனியாக விற்பதில்லை, முழு யூனியனாகத்தான் வாங்க வேண்டும் என்றார்கள். வன்பொருள் கடையில் சற்றே தடித்த ரிங் ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டேன்.

இதை ஒட்டி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பம்பின் வாய் பி.எஸ்.பி. என்ற பிரிட்டிஷ் தரத் திருகு மரையுடையது, அமெரிக்காவிலிருந்து வரும் பல இணைப்புகள் என்.பி.டி. என்ற அமெரிக்கத் தர மரையுடையவை. ஓர் அங்குல அளவில் பி.எஸ்.பி.க்கு அங்குலத்துக்கு 11 மரை, என்.பி.டி.க்கு 11.5, மரையின் கோணமும் 55 டிகிரி, 60 டிகிரி என்று வேறுபடும். முதல் சில சுற்றுகள் சுகமாக ஏறுவதால் பொருந்திவிட்டதாகத் தோன்றும், டெஃப்லான் டேப்பை மேலும் சுற்றி இறுக்கினால் ஒழுகவும் செய்யாது, ஆனால் உறிஞ்சு பக்கத்தில் காற்றுக்கு அந்த இடைவெளியே போதும். குழாயிலும் இதே குழப்பம் உண்டு: 32 மி.மீ. மெட்ரிக் குழாயை, 33.4 மி.மீ. வெளிவிட்டமுள்ள ஓர் அங்குலக் குழாய்க்கான சாக்கெட்டில் சால்வென்ட் சிமென்டை நிரப்பி ஒட்டுகிறார்கள். பம்புக்கு முன்னால் இவற்றில் எதையும் அனுமதிக்காதீர்கள்.

பம்பைப் பற்றி நியாயமாகப் பேசினால், மற்ற எல்லாவற்றிலும் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. வரவேற்பறையில் தொலைக்காட்சியை நிறுத்தினால்கூட அது ஓடுவது கேட்பதில்லை. மின்சாரம் போய் வந்தால் மெதுவாக வேகம் பிடிக்கிறது. செராமிக் தண்டு இன்னும் தேயவில்லை. சுழலியில் படியும் சுண்ணத்தைச் சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து எடுத்தால் புதியதுபோல் ஓடுகிறது. சம்புக்குள் மூழ்கவைத்துப் பயன்படுத்துபவர்களுக்கு யூனியன் குறையே தெரியாது. இணைப்பில் இடைவெளி இருந்தாலும் அதன் வழியே தண்ணீர்தானே நுழையும். ஆனால் வெளியே பொருத்தலாம் என்று சொல்லி விற்றவர்கள், அந்த ஒரு இணைப்பை அதற்கேற்பச் செய்திருக்க வேண்டும்.

அண்மையில் இதன் விலை குறைந்ததைப் பார்த்து, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். வேண்டாம் என்று சொன்னேன். இதே பம்பு என் வீட்டில் இந்நேரமும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது, அதை மாற்றும் எண்ணமும் எனக்கில்லை. இருந்தாலும் அந்தப் பள்ளத்தைக் கண்ணால் பார்த்தபின் இன்னொருவருக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. விலையைக் கண்டு வாங்கியே தீருவேன் என்பவர்கள், உடன்வரும் யூனியனைப் பொருத்தவே வேண்டாம். உறிஞ்சு பக்கத்தை ஒன்றரை அங்குலக் குழாயாகப் போட்டு, நல்ல யூனியனை அந்தப் பெரிய குழாயில் வைத்து, பம்பின் வாயருகில் மட்டும் ஓர் அங்குலத்துக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். பெரிய குழாயில் வேகத்துக்காகச் செலவாகும் அழுத்தம் 12 செ.மீ.யிலிருந்து 2 செ.மீ. அளவுக்கு இறங்கிவிடும். அந்தக் குழாய், யூனியன், பல்க்ஹெட் ஆகியவற்றின் விலையையும் கூட்டிப் பார்த்துவிட்டு, குறைந்ததாகச் சொல்லும் விலை உண்மையில் குறைந்ததுதானா என்று முடிவுசெய்யுங்கள்.