கீழக்கரையில் ஒரு வீட்டுச் செவிலியர் சேவை

பக்கவாதத்தால் படுத்த படுக்கையான அம்மாவைக் கவனிக்க, கீழக்கரையில் இயங்கும் வீட்டுச் செவிலியர் நிறுவனம் ஒன்றை நாடினோம். வளைகுடாவில் பணியாற்றித் திரும்பிய செவிலியர் ஒருவர் தொடங்கியது அது. பிள்ளைகள் கடல் கடந்து சம்பாதிக்க, பெற்றோர் தனித்திருக்கும் இக்கரையோர ஊர்களில் இத்தொழிலுக்கான தேவையை அவர் சரியாகவே கணித்திருக்கிறார்.

முதலில் வந்த செவிலியர், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்து, குதிகாலிலும் முதுகின் அடியிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்து, நேரத்தோடு நோட்டில் குறித்துவைத்தார். மூக்குக் குழாய் வழியே கஞ்சி கொடுத்த பிறகும் அரை மணி நேரம் தலைமாட்டை உயர்த்தியே வைத்திருந்தார். அம்மாவுக்குப் படுக்கைப்புண் வராததற்கு இந்தக் கவனமே காரணம் என்பேன்.

அவர் விடுப்பில் சென்றபோது வந்தவரோ 3 ஆண்டு செவிலியர் பட்டயம் பெற்றவர் அல்லர், உதவியாளர். கட்டணம் மட்டும் மாறவில்லை. தமிழ்நாடு செவிலியர் குழுமப் பதிவுச் சான்றைக் கேட்ட பிறகே தொகையைக் குறைத்தார்கள். இது நியாயமன்று. மண்டபம், தொண்டி எனக் கிளை விரிக்க எண்ணும் நிறுவனம், இருக்கும் ஊழியர்களுக்குப் பயிற்சியும் தகுந்த ஊதியமும் தருவதையே முதல் முதலீடாகக் கொள்ள வேண்டும். சேவையைத் தொடர்கிறோம், சேருவோர் மாற்று ஆளின் தகுதியையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.